இரவு இருமலா? ஏ.சி.யின் வடிகட்டியையும் பாருங்கள்

ஆஸ்துமாவோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவர் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, குடும்பத்தினர் அவருக்கு ஏ.சி. பொருத்திய அறையையே பெரும்பாலும் ஒதுக்குகின்றனர். அன்பினால் செய்யும் ஏற்பாடு அது. ஆயினும் பகலில் நலமாக இருப்பவர், இரவில் அவ்வறையில் படுத்ததும் இருமத் தொடங்கினால், மருத்துவரிடம் தெரிவிப்பதோடு சுவரிலுள்ள அந்த இயந்திரத்தையும் திறந்து பார்க்க வேண்டும்.

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது நமது மாவட்டம். ஆற்றங்கரையில் அமைந்த குழித்துறையில் மழைக்காலத்து ஈரத்தைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சையும், கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகளும் பெருகும். ஏ.சி. இந்த ஈரத்தைக் குறைக்கிறது. ஆனால் அந்த ஈரம் இயந்திரத்தின் உள்ளே இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் நீராகப் படிகிறது. அதனுடன் தூசியும் சேர்ந்தால், பூஞ்சை வளர அதுவே இடமாகிவிடும்.

வீடுகளில் உள்ள ஸ்பிளிட் ஏ.சி. பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. ஆகவே மூடிய அறையில் கொசுவத்திச் சுருளோ சாம்பிராணியோ ஏற்றினால், அந்தப் புகையையே நோயாளி இரவு முழுவதும் சுவாசிக்க நேரிடும். காலையும் மாலையும் சன்னல்களைச் சிறிது நேரம் திறந்து வையுங்கள். வீட்டில் காசநோயாளி இருப்பின், மூடிய ஏ.சி. அறையில் மற்றவர்கள் அவருடன் படுப்பதைத் தவிர்க்க வேண்டும். காற்றோட்டமுள்ள அறையே அவருக்கு ஏற்றது.

தொடர்ந்து பயன்படுத்தும் ஏ.சி.யின் வடிகட்டியை இரு வாரங்களுக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். முன்மூடியைத் திறந்து வலையைக் கழற்றி, முற்றத்தில் வைத்துக் குழாய் நீரில் கழுவி, நிழலில் முழுவதும் உலர்ந்தபின் பொருத்துங்கள். இப்பணியை நோயாளி செய்யலாகாது. செய்பவரும் முகக்கவசம் அணிவது நன்று.

சில கோளாறுகளை வீட்டிலேயே கண்டறியலாம். காற்று குறைந்து, உள்ளே பனிக்கட்டி படிந்தால், வடிகட்டி அடைத்திருக்கக்கூடும். ஏ.சி.யை நிறுத்திப் பனி உருகியபின் வடிகட்டியைக் கழுவுங்கள். மீண்டும் படிந்தால் மெக்கானிக்கை அழையுங்கள். உட்புறத்தில் நீர் சொட்டினால் வடிகுழாயைப் பாருங்கள். அதில் பாசி அடைத்திருக்கலாம்; அல்லது குழாயின் நுனி வாளி நீருக்குள் மூழ்கியிருக்கலாம். ஈர வாடை வீசினால், நிறுத்துவதற்கு முன் கால்மணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிட்டால் உட்புறம் உலரும். அதன் பின்னும் வாடை நீங்காவிடில், குழாய்ச் சுருளை மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்விக்க வேண்டும்.

ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டும் என்பது தவறான எண்ணம். அது மூடிய குழாய்களுக்குள் சுழல்வது, செலவாகித் தீர்வதன்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைத்த பின்னரே நிரப்பச் சொல்லுங்கள். கருகும் வாடை வந்தாலோ, பிளக் சூடேறினாலோ, மெயின் சுவிட்ச் அடிக்கடி விழுந்தாலோ, ஏ.சி.யை உடனே நிறுத்திவிடுங்கள். அது வீட்டில் பழுது பார்க்கத்தக்கதன்று.

வெப்பநிலையை 24 முதல் 26 டிகிரிக்குள் வையுங்கள். நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.களில் 24 டிகிரியே தொடக்க அளவாக அமைய வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசின் விதி. ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும். குளிர்காற்று முதியவர் மீதும் கைக்குழந்தை மீதும் நேராக வீசாதவாறு தகடுகளை மேல்நோக்கித் திருப்புங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நோயாளி ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாமல் மூச்சு வாங்கினாலோ, உதடுகள் நீலம் பாய்ந்தாலோ, இயந்திரத்தை ஆராய அது நேரமன்று. உடனே 108 ஐ அழைத்து மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். வடிகட்டியைப் பிறகு கழுவிக்கொள்ளலாம்.