மார்ஃபின் எழுதிக் கொடுக்க டாக்டருக்கு என்ன அனுமதி வேண்டும்?

புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டால் வரும் வலி, பாராசிட்டமாலுக்கு அடங்காது. அந்த நிலையில் டாக்டர்கள் நம்பும் மருந்து மார்ஃபின். மாத்திரையாக விழுங்கலாம், வீட்டிலேயே வைத்துக் கொடுக்கலாம், விலையும் அதிகமில்லை. மூலப்பொருளுக்கு வெளிநாட்டை எதிர்பார்க்கவும் வேண்டாம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. அதிலிருந்து எடுக்கும் அபின் பால், நீமச்சிலும் காஜிப்பூரிலும் உள்ள அரசு ஆலைகளுக்குப் போகிறது. இவ்வளவு இருந்தும், வலியில் துடிப்பவரை அழைத்துக்கொண்டு போகும் குடும்பத்துக்குப் பல ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும் பதில்: "அந்த மருந்து நாங்கள் வைப்பதில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

இதன் வேர் 1985-ல் இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அதாவது என்டிபிஎஸ் சட்டம், நடைமுறைக்கு வந்தது. பல குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு கடுங்காவல். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் இந்த மருந்துகளைப் பயன்படுத்தலாம் என்று அதே சட்டத்தின் 8-வது பிரிவு சொல்கிறது. ஆனால் எப்படிப் பயன்படுத்துவது என்ற விதிகளை மாநிலங்கள் ஆளுக்கொன்றாக எழுதின. வாங்க ஒரு உரிமம், வைத்திருக்க ஒன்று, மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுவர ஒன்று என்று ஆஸ்பத்திரி பல அலுவலகங்களில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. எல்லா உரிமங்களும் ஒரே நேரத்தில் செல்லுபடியாக இருந்தால்தான் மருந்து வந்து சேரும். ஒன்று கையில் வரும்போது இன்னொன்றின் காலம் முடிந்திருக்கும். நாட்டில் மருத்துவத்துக்காகப் பயன்பட்ட மார்ஃபினின் அளவு அடுத்த 12 ஆண்டுகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. அந்த ஆண்டுகளில் வலியோடு இறந்தவர்களுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

கேரளத்தில் வலிதணிப்புச் சிகிச்சையை வளர்த்த டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக, 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. இவற்றுக்கான விதிகளை 2015 மே மாதம் மத்திய அரசே வெளியிட்டது. நாடு முழுக்க இப்போது ஒரே விதிதான். பல உரிமங்கள் இருந்த இடத்தில் ஒரே ஒரு அங்கீகாரம். அதைத் தருவது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. கலால் துறைக்கு நடக்க வேண்டியதில்லை.

இங்கே பலர் குழம்பும் ஓர் இடம் உண்டு. அமெரிக்காவில் இந்த மருந்துகளை எழுதும் டாக்டர், போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டிஇஏவிடம் தன் பெயரில் பதிவு எண் வாங்க வேண்டும். இந்தியாவில் அங்கீகாரம் ஆஸ்பத்திரிக்கு. அதன் பெயர் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்', டாக்டர்கள் வாயில் ஆர்எம்ஐ. விண்ணப்பித்து வாங்கினால் மூன்று ஆண்டு செல்லும். இந்த மருந்துகளை எழுதிக் கொடுக்க ஒன்றோ அதற்கு மேலோ டாக்டர்களை நிறுவனம் நியமிக்க வேண்டும். பலர் இருந்தால் ஒருவர் பொறுப்பாளர். அரசு ஆஸ்பத்திரிகள் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அவர் இடமாறுதலில் போன மறுநாளும் வார்டில் வலி இருக்கும்.

அடுத்தது கணக்கு. இந்த மருந்துகளுக்கென்று தனிப் பதிவேடு வேண்டும். காலையில் இருப்பு எவ்வளவு, புதிதாக வந்தது எவ்வளவு, எந்த நோயாளிக்கு எத்தனை மாத்திரை போனது, மாலையில் மிச்சம் எவ்வளவு என்று அன்றன்றைக்கு எழுத வேண்டும். மருந்து பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற மதிப்பீட்டை நவம்பர் 30-க்குள் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு அனுப்ப வேண்டும். பொறுப்பு டாக்டரின் கடமைகளில் இன்னொன்றும் உண்டு. நோயாளிகளின் தேவைக்குப் போதுமான இருப்பு இருக்கிறதா என்றும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். திருடு போகாமல் காப்பதைப் போலவே, தீர்ந்துபோகாமல் காப்பதும் விதிதான். ஆய்வுக்கு வருபவர்கள் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுப் போகக் கூடாது.

தனியாக கிளினிக் நடத்தும் டாக்டருக்கு? மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றிருந்தால், தன் நோயாளிக்குத் தானே கொடுப்பதற்காகக் குறிப்பிட்ட அளவு வைத்துக்கொள்ளலாம். மார்ஃபின் என்றால் 500 மில்லிகிராம். ஃபென்டனில் என்றால், தோலில் ஒட்டும் பட்டை இரண்டு. விற்கக் கூடாது. பத்து மில்லிகிராம் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கொடுத்தால் ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம் ஆகிறது. அந்த 500 ஒரே நோயாளிக்கு எட்டு நாளுக்குச் சற்று மேல்தான் வரும். அவசரத்துக்குத்தான் அது, தொடர்ந்து சிகிச்சை கொடுக்க ஆர்எம்ஐ அங்கீகாரமே வழி.

மற்ற கட்டுப்பாட்டு மருந்துகளுக்கு வேறு விதிகள். கெட்டமின் போன்ற 'ஷெட்யூல் எக்ஸ்' மருந்துகளுக்குச் சீட்டு இரண்டு பிரதி வேண்டும். ஒன்றை மருந்துக்கடை இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். வலிக்குப் பரவலாக எழுதப்படும் டிரமடாலும் 2018 முதல் என்டிபிஎஸ் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

இப்போது தடையாக நிற்பது விதியைவிடப் பயம்தான். 'நார்காட்டிக்' என்ற சொல்லைக் கேட்டதும் நிர்வாகம் பின்வாங்குகிறது. பல டாக்டர்கள் படிக்கும் காலத்தில் மார்ஃபின் மாத்திரையை எழுதிப் பழகியதே இல்லை. குடும்பத்துக்கும் ஒரு பயம்: அடிமையாகிவிடுவாரோ? டாக்டரின் மேற்பார்வையில் வலிக்கு ஏற்ற அளவில் கொடுக்கும்போது, முற்றிய புற்றுநோயாளிகளிடம் அது அரிது. நிச்சயமாக வரும் தொல்லை மலச்சிக்கல். அதற்கு முதல் நாளிலிருந்தே மருந்து சேர்த்துக் கொடுப்பார்கள்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியில் இரண்டு கேள்விகளை நேராகக் கேளுங்கள். இங்கே ஆர்எம்ஐ அங்கீகாரம் இருக்கிறதா? இல்லையென்றால், பக்கத்தில் எங்கே இருக்கிறது? புற்றுநோய்ச் சிகிச்சை தரும் எந்த ஆஸ்பத்திரியும் இரண்டாவது கேள்விக்காவது பதில் வைத்திருக்க வேண்டும்.