ஒரு முறையன்று, பல முறை

ஓர் எண்ணுடன் அதன் இயற்கை லாகரிதத்தைக் கூட்டினால் சூன்யம் வரவேண்டும். அந்த எண் எது? பள்ளியில் கற்ற எந்தச் சூத்திரமும் இங்கே உதவாது. தேடும் எண் வெளியேயும் நிற்கிறது, லாகரிதத்துக்குள்ளேயும் ஒளிந்திருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் இதற்கு 0.567 என்று விடை எழுதினான். வழி கேட்டேன். "உத்தேசமாக ஓர் எண்ணை வைத்துத் திருத்திக்கொண்டே போனேன், ஸார்" என்றான். குருட்டு ஊகம் என்று கருதிச் சூன்யம் போட்டேன். பிழை அவனுடையதன்று, என்னுடையது.

அவன் செய்தது இதுதான். முதலில் 0.5 என்று கொண்டான். −0.5-ஐ லாகரிதமாக உடைய எண் 0.6065. அதை மீண்டும் அவ்வாறே இட்டால் 0.5452, பின்னர் 0.5797; அப்பால் 0.5601. ஒரு முறை மிகுதி, ஒரு முறை குறைவு. ஆடும் ஊஞ்சல் வீச்சுக் குறைந்து நிற்பதுபோல், விடை 0.5671-ல் வந்து நிலைக்கிறது.

ஆனால் எவ்வழியில் திருத்தினாலும் பலிக்கும் என்று எண்ணிவிடலாகாது. அதே 0.5-ன் லாகரிதத்தை எடுத்துக் குறியை மாற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். 0.6931, 0.3665, 1.0037 என்று ஊஞ்சல் வீச்சு வளர்ந்து, −0.0037-ல் முடியும். குறை எண்ணுக்கு மெய்யெண்ணாக லாகரிதம் ஏது? வழி அங்கே அடைபட்டுப் போகிறது.

நம் முன்னோர் இம்முறையை 'அஸக்ருத் கர்மம்' என்றனர்; ஒரு முறையன்றிப் பல முறை செய்வது என்பது பொருள். சூரிய கிரகணத்தின் காலத்தைக் காணச் சந்திரனின் தோற்றப் பிறழ்ச்சி தெரியவேண்டும். அதைக் காணவோ காலம் தெரியவேண்டும்! ஆகவே ஒன்றை உத்தேசித்து மற்றொன்றைத் திருத்தினர். இத்தகைய கணக்குகளில் அடிக்கடி வேண்டுவது கோணத்தின் ஸைன். 14-ஆம் நூற்றாண்டில் கேரளத்து மாதவர் அதற்கு ஒரு தொடர் கண்டார்: கோணத்திலிருந்து அதன் மூன்றாம் அடுக்கில் 6-ல் ஒரு பங்கைக் கழி, ஐந்தாம் அடுக்கில் 120-ல் ஒரு பங்கைக் கூட்டு, இப்படியே மேலும் செல். ஜ்யேஷ்டதேவர் 16-ஆம் நூற்றாண்டில் மலையாளத்தில் இயற்றிய 'யுக்திபாஷை' இதன் நிரூபணத்தையும் தருகிறது. கோணமும் அதன் ஸைனும் கலந்த சமீகரணத்தை 1609-ல் கெப்ளரும் எதிர்கொண்டார். அவரும் ஊகித்துத் திருத்தும் வழியையே நாடினார்.

அன்று நான் போட்ட சூன்யத்தை இனி அழிக்க இயலாது. இன்று என் வகுப்பில் முதல் கேள்வி, "உன் உத்தேசம் என்ன?" என்பதே. இரண்டாவது கேள்வி, "அதைத் திரும்ப இட்டுப் பார்த்தாயா?"