குதிகாலில் ஏன் குத்துகிறார்கள்?



போன லீவுல என் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூணாம் நாள் நர்ஸ் அக்கா பாப்பாவின் குதிகாலில் ஊசியால் குத்தி, தடித்த காகிதத்தில் சில சொட்டு ரத்தம் எடுத்தார். பாப்பா வீல்னு கத்திடுச்சு. "நல்லா இருக்கிற பிள்ளையை ஏன்க்கா குத்துறீங்க?" என்று கேட்டேன். "நல்லா இருக்கும்போதே பார்க்கணும் தம்பி" என்றார். எனக்குப் புரியல. எங்க அறிவியல் ஐயாவிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

இந்த ரத்தத்தில் தேடும் நோய்களில் ஒன்று பினைல்கீட்டோனூரியா. அரிய பரம்பரை நோய். பால், பருப்பு, முட்டை போன்றவற்றின் புரதத்தில் பினைல் அலனின் என்ற அமினோ அமிலம் உண்டு. கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை டைரோசினாக மாற்றும். அந்த நொதிக்கான ஜீன் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால் இந்த வேலை சரியாக நடக்காது. பினைல் அலனின் ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும். பிறந்தவுடன் பார்த்தால் ஒண்ணுமே தெரியாது!

1934-இல் நார்வேயில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் இரு குழந்தைகளுக்காக டாக்டர் ஃபோலிங்கிடம் போனார். அவர்களின் சிறுநீரில் ஒரு விநோத வாடை. அதில் பெர்ரிக் குளோரைடு விட்டதும் பச்சை நிறம் வந்தது! காரணம், பினைல் பைருவிக் அமிலம். நோய் பிடிபட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் மூளை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருந்தது.

சிறுநீரில் அந்த அமிலம் தெரியவே சில வாரங்கள் ஆகலாம். அதனால் ரத்தத்திலேயே தேடும் வழியை 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி கண்டுபிடித்தார். பாக்டீரியா வளராதபடி ஒரு மருந்து கலந்த தட்டில் ரத்தக் காகிதத்தை வைப்பார். பினைல் அலனின் அதிகமிருந்தால் அதைச் சுற்றி பாக்டீரியா வளர்ந்துவிடும்!

இப்போது டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற கருவி பினைல் அலனின், டைரோசின் இரண்டையும் அளக்கிறது. முதலாவது ஏறி, இரண்டாவது ஏறாமல் இருந்தால் சந்தேகம். மறுபடி சோதித்துத்தான் உறுதி செய்வார்கள். குழந்தை பிறந்து பால் குடிக்கத் தொடங்கிய பிறகு அளவு ஏறும். அதனால்தான் பிறந்து ஒரு நாளாவது கழித்து எடுக்கிறார்கள்.

முதல் வாரங்களிலேயே பினைல் அலனின் குறைந்த உணவைத் தொடங்கி விடாமல் தொடர்ந்தால், குழந்தை நம்மைப் போலவே படிக்கும், விளையாடும்.

எங்க பாப்பாவுக்கு ரிசல்ட் நார்மல்! உங்க வீட்டில் குழந்தை பிறந்தால், இந்தச் சோதனை பற்றி டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள்.


– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்