பழைய குட்டி யானை: எதில் கை வைக்கலாம், எதில் கூடாது?

நம் உறுப்பினர்கள் பலரது கடை வாசலில் பத்துப் பதினைந்து வருடம் உழைத்த சரக்கு வண்டி ஒன்று நிற்கும். பெரும்பாலும் அது டாடா ஏஸ் ஆகத்தான் இருக்கும். 2005-ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த வண்டி அது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், முக்கால் டன் சரக்கு. கம்பெனி வைத்த பெயரை ஓரமாக வைத்துவிட்டு நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் சூட்டினார்கள். அந்தப் பெயரே நின்றுவிட்டது.

புது வண்டி எடுத்தால் மாதத் தவணை வரும். பழைய வண்டிக்குத் தவணை கிடையாது, ஆனால் ரிப்பேர் செலவு உண்டு. வண்டி ஷெட்டில் நிற்கும் நாளெல்லாம் சரக்குக்கு வாடகை வண்டி பிடிக்க வேண்டும். சில்லறைக் கடைக்காரர் நமக்காகக் காத்திருக்க மாட்டார், அடுத்த மொத்தக் கடைக்குப் போய்விடுவார். ஆகவே சின்னச் சின்ன வேலைகளை நாமே செய்துகொள்வது லாபம்தான். எங்கள் கடையில் அப்படித்தான் செய்து வருகிறோம். ஆனால் ஒரு முறை எல்லை தெரியாமல் கை வைத்துப் பெரிய பாடம் படித்தோம். அதையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம்.

நாமே செய்யக்கூடியவை

முதலில் பேட்டரி. காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே பேட்டரி போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கழற்றும்போது மைனஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். மாற்றிச் செய்தால், ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்ட கணமே தீப்பொறி பறக்கும்.

இது டீசல் வண்டி என்பதால் குளிர்ந்த காலையில் ஹீட்டர் பிளக் சூடேறிய பிறகுதான் என்ஜின் பிடிக்கும். சாவியைத் திருகி ஹீட்டர் விளக்கு அணையும் வரை பொறுத்து, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். அவசரப்பட்டு மீண்டும் மீண்டும் செல்ப் அடித்தால் நல்ல பேட்டரியும் தீர்ந்துவிடும்.

இரண்டாவது ஏர் பில்டர். மாவு, மிளகாய் வத்தல், சிமெண்டு ஏற்றும் வண்டியில் தூசிக்குப் பஞ்சமில்லை. பில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜினுக்குக் காற்று போதாது. கரும்புகை வரும், இழுவை குறையும், டீசல் அதிகம் குடிக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். பில்டரின் விலை வீணாகும் டீசலை விடக் குறைவு.

மூன்றாவது டீசல் பில்டர். டீசலில் கலந்து வரும் தண்ணீர் இதன் அடியில் தங்கும். கீழே உள்ள திருகைத் தளர்த்தி அதை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். பில்டர் மாற்றினால் உள்ளே புகுந்த காற்றையும் வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. இதை ஒரு முறை மெக்கானிக்கின் அருகில் நின்று பார்த்துக்கொண்டால் மறுமுறை நாமே செய்யலாம்.

நான்காவது ரேடியேட்டர். நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் அடுப்புப் பாத்திரத்தில் படிவதுபோல் ரேடியேட்டருக்குள்ளும் உப்புப் படிந்து, சூடு இறங்காமல் போகும். கூலண்ட் வாங்கி, டப்பாவில் போட்டிருக்கும் அளவில் ஊற்றுங்கள். என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஐந்தாவது வண்டியின் தளம். உப்பு, வெல்லம், உரம் ஆகியவை இரும்பைத் தின்னும். வாரம் ஒரு முறை கழுவி, தண்ணீர் வடியும் துளைகளில் குத்தி அடைப்பை எடுங்கள். துரு பிடித்த இடத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்ததும் பெயிண்டு இரண்டு கோட் அடித்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. விட்டுவிட்டால் தகரம் ஓட்டையாகி, வெல்டிங்கில் போய் நிற்கும்.

கூடுதல் வசதிகள்

இரவில் ஓட வெளிச்சம் போதவில்லை என்று சிலர் 100 வாட் பல்பு போடுகிறார்கள். 12 வோல்ட் வண்டியில் 60 வாட் பல்பு 5 ஆம்பியர் இழுக்கும், 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து 16 ஆம்பியரைத் தாண்டும். பழைய வயரும் ஸ்விட்சும் இதைத் தாங்காது. வயர் இளகித் தீப்பிடித்தால் வண்டியோடு சரக்கும் போகும். எதிரே வருபவர் கண்ணும் கூசும். முதலில் விளக்குக் கண்ணாடியைத் துடையுங்கள், எர்த் வயர் பிடித்திருக்கும் இடத்தில் துருவைச் சுரண்டி இறுக்குங்கள். பாதி வெளிச்சம் அங்கேதான் போயிருக்கும்.

நாங்கள் செய்ததில் மிக மலிவானதும் மிகப் பயனுள்ளதும் ஒளிரும் பட்டைதான். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கங்களில் மஞ்சள். சரக்கு வண்டிக்குச் சட்டப்படியும் இது வேண்டும். ஒட்டும் முன் இடத்தை நன்றாகக் கழுவித் துடைக்காவிட்டால் ஒரே மழையில் உரிந்துவிடும்.

நாங்கள் செய்த தவறு

வத்தலக்குண்டிலிருந்து மலைமேல் உள்ள கடைகளுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்புவோம். திரும்பும்போது உருளைக்கிழங்கும் வெள்ளைப்பூண்டும் வரும். முக்கால் டன் வண்டியில் கூடுதலாக ஏற்றினால் நடை மிச்சம் என்று 2012-இல் பின் ஸ்பிரிங்கில் இரண்டு பிளேட்டு கூடுதலாகப் போட்டோம். வண்டி தாழவில்லை. ஒன்றேகால் டன் ஏற்றினாலும் நிமிர்ந்தே நின்றது. கெட்டிக்காரத்தனம் என்று எண்ணிக்கொண்டோம்.

ஒரு நாள் விடியற்காலையில் டிரைவர், "அண்ணாச்சி, பெடல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கு, மெக்கானிக்கிட்ட காட்டிரலாமா?" என்று கேட்டார். "ஆயில் குறைஞ்சிருக்கும், ஊத்திட்டுப் போங்க, நேரமாச்சு" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். அலமாரியில் பல மாதமாகத் திறந்து கிடந்த பிரேக் ஆயில் டப்பாவை எடுத்துக் கொடுத்ததும் நாங்கள்தான்.

அன்று மாலை முழு லோடோடு இறங்கும்போது, டம்டம் பாறைக்கு மேலே ஒரு வளைவில் பெடல் அடி வரை போய்விட்டது. டிரைவர் கியரைக் குறைத்து, கை பிரேக்கையும் இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கம் ஒடித்து மோதினார். மூவர் உயிர் பிழைத்தார்கள். எங்கள் லோடுமேன் ஒருவருக்கு மட்டும் தொடை எலும்பு முறிந்தது.

ஏன் அப்படி ஆயிற்று என்பதை மெக்கானிக் பிறகு விளக்கினார். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்று போட்ட புது ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அது 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கூடுதல் பாரத்தோடு, பிரேக்கிலேயே கால் வைத்து மலை இறங்கினால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆயிலை அமுக்கினால் சுருங்காது, அதனால்தான் பிரேக் பிடிக்கிறது. ஆவி சுருங்கும். அப்போது பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரத்துக்கு அழுத்தம் போய்ச் சேராது.

கூடுதல் பிளேட்டு வண்டியைத் தாழாமல் நிறுத்தியது, அவ்வளவுதான். பிரேக்கும், ஆக்சிலும், டயரும் பழைய முக்கால் டன்னுக்கு ஆனவையே. வண்டி தாழ்ந்து நின்றிருந்தால் பாரம் அதிகம் என்று கண்ணுக்காவது தெரிந்திருக்கும். அந்த எச்சரிக்கையையும் நாங்களே காசு கொடுத்து மறைத்துவிட்டோம்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எப்.சி. காட்ட வேண்டும். பல நடைகளில் மிச்சம் பிடித்ததை ஒரே சோதனையில் கட்டிவிட்டு வர வேண்டியிருக்கும்.

முடிவாக

பழைய வண்டியில் அதனிடம் இருப்பதைக் காப்பாற்றும் வேலைகளை நாமே செய்யலாம். சுத்தம் செய்வது, இறுக்குவது, வடிப்பது, பூசுவது எல்லாம் அந்த வகை. இல்லாத பலத்தை அதற்கு உண்டாக்கும் வேலையில் இறங்க வேண்டாம். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் நம் கைக்கு உரியவை அல்ல, அவற்றை மெக்கானிக்கிடம் விடுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது முழுவதும் மாற்றச் சொல்லுங்கள். திறந்து வைத்த மிச்ச டப்பாவைத் தூக்கி எறியுங்கள். மலையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று டிரைவரிடம் சொல்லுங்கள். அதை விட முக்கியம், டிரைவர் ஒன்று சொன்னால் நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

கூடுதல் பிளேட்டுகளை அந்த வாரமே கழற்றிவிட்டோம். வண்டி இன்றும் முக்கால் டன்னோடு ஓடுகிறது. கால் முறிந்த லோடுமேனால் அதற்குப் பின் மூட்டை தூக்க முடியவில்லை. எங்கள் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அமர்ந்து சிட்டை எழுதுகிறார். எந்த வண்டிக்கு எத்தனை மூட்டை என்று கணக்குப் பார்த்து அனுப்புவதும் அவர்தான். அவர் போதும் என்று சொன்ன பிறகு ஒரு மூட்டை கூட ஏறாது.