விளிம்பைத் தாண்டியும் தாவலாம்

இப்போது நான் விளையாடிக்கொண்டிருப்பது ‘செலஸ்ட்’. 2018 ஜனவரியில் வெளியான கேம். மேடலின் என்ற இளம்பெண்ணைக் கனடாவில் உள்ள ஒரு மலையின் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும். அவள் தாவுவாள், சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுவாள், அந்தரத்தில் ஒரு முறை எட்டுத் திசைகளில் ஏதாவது ஒன்றில் சீறிப் பாய்வாள். பாய்ந்ததும் அவளுடைய சிவந்த கூந்தல் நீலமாகிவிடும். கால் தரையில் படும்வரை, அல்லது வழியில் மிதக்கும் பச்சைப் படிகத்தைத் தொடும்வரை, இன்னொரு பாய்ச்சல் கிடையாது.

கடினமான கேம்தான். முள்ளும் பள்ளமும் இடிந்து விழும் தரையுமாக ஒவ்வொரு திரையும் ஒரு புதிர். செத்தால் ஒரு நொடிக்குள் அதே திரையின் தொடக்கத்தில் மறுபடி நிற்பாள். சாவுக் கணக்கு நூறுகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் கேம் நம்மை ஏமாற்றிவிட்டது என்ற எண்ணம் மட்டும் வருவதே இல்லை. இத்தனை முறை விழுந்த பின்னும் அந்த நம்பிக்கை எப்படி நிலைக்கிறது? அதற்கான விடை மேடலினின் தாவலுக்குள் இருக்கிறது.

இந்த கேமை உருவாக்கிய மேடி தோர்சனும் நோயல் பெரியும் அவளை இயக்கும் நிரலை யாரும் படிக்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். அதில் 0.1 நொடி என்று ஓர் எண் வருகிறது. பாறை விளிம்பைத் தாண்டி அவள் கால் அந்தரத்துக்குப் போய்விட்ட பிறகும், பத்தில் ஒரு நொடிக்குள் பட்டனை அழுத்தினால் தரையில் நிற்பவளைப் போலவே தாவிவிடுவாள். திரை நொடிக்கு 60 ஃப்ரேம் வீதம் ஓடுகிறது. அப்படியென்றால் நமக்குக் கிடைக்கும் சலுகை ஆறு ஃப்ரேம். விசில் ஊதிய பிறகும் ஓடிவருபவருக்காக ஒரு கணம் வேகத்தைக் கூட்டாமல் இருக்கும் பேருந்து ஓட்டுநரின் தாராளம் இது. ஏறியவருக்கு அது தெரியாது. ‘சரியான நேரத்தில் பிடித்துவிட்டோம்’ என்றுதான் நினைப்பார்.

இது வெறும் இரக்கமும் அல்ல. திரையில் ஒரு படம் தோன்றி, கண் அதைக் கண்டு, விரல் அழுத்தி, அந்தச் செய்தி கருவிக்குப் போய்ச் சேர்வதற்குள் காலம் கொஞ்சம் கழிந்துவிடுகிறது. நாம் எப்போதுமே சற்று முந்தைய கணத்தைப் பார்த்துத்தான் விளையாடுகிறோம். அந்த இழப்பைத்தான் இந்த ஆறு ஃப்ரேம் ஈடுகட்டுகிறது.

அவசரப்படுபவர்களுக்கும் இடம் உண்டு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே தாவல் பட்டனை அழுத்திவிட்டால், கேம் அதை நினைவில் வைத்திருந்து கால் பட்டதும் தாவச் செய்யும். மேலே எழும்போது கூரையின் மூலையில் தலை லேசாக இடித்தால், நான்கு பிக்சல் வரை அவளைப் பக்கவாட்டில் நகர்த்தி வழிவிடும். முள்ளிலும் ஒரு நியாயம் இருக்கிறது: முள் நீட்டிக்கொண்டிருக்கும் திசையிலேயே அவளும் விலகிப் போய்க்கொண்டிருந்தால் தொட்டாலும் சாகமாட்டாள்.

எனக்கு மிகவும் பிடித்த சலுகை வேறொன்று. சுவரைப் பிடித்தபடி நேர் மேலே தாவினால் அவளுடைய தெம்பில் கால் பங்கு போய்விடும். ஆனால் தாவிய மறுகணமே எதிர்த்திசையை அழுத்தினால், ‘இவர் சுவரை விட்டு விலகித் தாவத்தான் நினைத்தார்’ என்று கேம் புரிந்துகொண்டு, செலவான தெம்பைத் திருப்பித் தந்துவிடும். விரல் செய்ததை விட்டுவிட்டு மனம் நினைத்ததைக் கணக்கில் எடுக்கும் இந்த நுணுக்கத்துக்காகவே அந்த நிரலை எழுதியவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

செலஸ்டின் முதல் வடிவம் 2015இல் நான்கே நாட்களில் பிகோ-8 என்னும் கற்பனைக் கணினிக்காக எழுதப்பட்டது. அதன் திரை வெறும் 128க்கு 128 பிக்சல். பெரிய கேமுக்குள் ஓரிடத்தில் அந்தச் சின்ன கேமையும் ஒளித்துவைத்திருக்கிறார்கள்; கண்டுபிடித்தால் விளையாடலாம். இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால், இந்தத் தாவல் எவ்வளவு இழைக்கப்பட்டிருக்கிறது என்பது விரலுக்கே தெரியும்.

கதையும் அந்தத் தாவலைப் போலவே பரிவோடு நடக்கிறது. மேடலின் மனப்பதற்றத்தோடு வாழ்பவள். நடுவழியில் ரோப்கார் நின்றுவிட, அவளுக்கு மூச்சு முட்டுகிறது. உடன் வந்த தியோ ஓர் இறகைக் கற்பனை செய்யச் சொல்கிறான். பட்டனை அழுத்தியும் விட்டும் அந்த இறகை மிதக்கவைப்பது நம் வேலை. அப்போது நம் மூச்சும் அதோடு சேர்ந்து நிதானமாகிறது. லீனா ரெய்னின் இசைக்கும் அதில் பங்குண்டு.

இதற்குமேலும் உதவி வேண்டியவர்கள் வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம், தெம்பு தீராமலும் சாகாமலும் வைத்துக்கொள்ளலாம். அப்படி ஆடுவது ஆட்டமே அல்ல என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு ஃப்ரேம் எல்லோருக்கும் தரப்படுகிறது; சிலருக்கு அறுபது தேவைப்படலாம்.

நான் இப்போது இருப்பது 2019 செப்டம்பரில் இலவசமாகச் சேர்த்த கடைசி அத்தியாயத்தில். அங்கே ஓர் அறையில், கணினித் திரையில் படம் போட்டு ஒரு வித்தையைக் கற்றுத்தருகிறார்கள்: தரையை நோக்கிச் சாய்வாகப் பாய்ந்து, பாய்ச்சல் அடங்குமுன் தாவினால் இரண்டு வேகமும் சேர்ந்து மேடலினை வெகுதூரம் கொண்டுபோகும். புதிதாகத் தந்த சக்தி அல்ல. முதல் அத்தியாயத்திலிருந்தே அவள் காலில் இருந்ததுதான். அதனால் பழைய அத்தியாயங்களுக்கும் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறேன்.