லில்லி என்ற வாயாடி

தாய் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். தகப்பன் இல்லை, அல்லது இருந்தும் பிரயோசனமில்லை. பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காப்பகத்தில் விடுவதற்குப் பதில், தாய் திரும்பி வரும்வரை அந்த வீட்டிலேயே இருந்து, சமைத்துப் போட்டு, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்க ஓர் ஆளை அனுப்பும் ஏற்பாடு லண்டனின் காம்டன் கவுன்சிலில் 1970களில் இருந்தது. அப்படிப் போனவர்களில் ஒருவர் நெடுநெடுவென்று வளர்ந்த, ஒல்லியான, இருபதுச் சொச்சம் வயது இளைஞர். லிவர்பூல் பக்கத்துப் பேச்சு. பெயர் பால் ஓகிரேடி. பகலில் அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்ட அந்த மனிதர், ராத்திரியில் பொன்னிற விக்கும் சிறுத்தைத்தோல் அச்சுப் பாவாடையும் போட்டுக்கொண்டு மதுக்கடை மேடையில் ஏறினார். அங்கே அவர் பெயர் லில்லி சாவிஜ்.

நான் தென் லண்டனில் வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஓகிரேடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விக்கில் தொடங்கி டிவியில் முடிப்பார்கள். எனக்கு இந்தக் கவுன்சில் வேலையில்தான் தொடங்கத் தோன்றுகிறது. அடுத்தவர் வீட்டு அடுப்படியில் நின்று வேலை பார்க்கிறவருக்கு, அந்த வீட்டுப் பெண் கடன்காரனிடம் என்ன கதை விடுவாள், எதைச் சொல்லிச் சிரிப்பாள், எந்த இடத்தில் குரல் உடையும் என்பதெல்லாம் காதில் விழாமல் போகாது. லில்லியின் வாயில் பின்னால் வந்ததில் பாதி அப்படிக் காதில் விழுந்தவை என்பது என் கணிப்பு. மீதிப் பாதி அவர் பிறந்த வீட்டிலிருந்து வந்தது.

பிறந்தது 1955 ஜூன் 14 அன்று, பர்க்கன்ஹெட்டில். மெர்ஸி ஆற்றின் ஒரு கரையில் லிவர்பூல், எதிர்க்கரையில் இந்த ஊர். கப்பல் கட்டும் தொழிலாளிகளின் ஊர். அப்பா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். அம்மா மோலியின் பிறந்தகத்துக் குடும்பப் பெயர்தான் சாவிஜ். தன் வேடத்துக்கு அவர் வைத்துக்கொண்டது அம்மா வீட்டுப் பெயர். கத்தோலிக்கக் குடும்பம், பையன் தேவாலயத்தில் பூசைக்கு உதவி செய்தவன். வீட்டுக்கு வந்து போகும் சித்தி பெரியம்மாக்களில் கிறிஸ்ஸி என்பவர் பஸ் கண்டக்டர். சீருடையோடு வந்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, அன்றைக்குப் பஸ்ஸில் யாரை எப்படி வாயடைத்தேன் என்று அளக்கும் பெண்மணி. கையில் காசில்லை, படிப்பில்லை, சிபாரிசுக்கு ஆளில்லை. இருந்த ஒரே ஆயுதம் நாக்கு.

பால் செய்யாத வேலை இல்லை. லிவர்பூலில் அரசு உதவித்தொகை அலுவலகத்தில் குமாஸ்தா. மாட்டுத்தொட்டியில் கணக்கு எழுதுகிறவர். பாரில் மது ஊற்றிக் கொடுப்பவர். வெஸ்ட் கர்பியில் உடல்நலமில்லாத குழந்தைகளுக்கான விடுதியில் சில ஆண்டுகள். பதினெட்டு வயதில் அப்பாவை இழந்தார். அடுத்த ஆண்டே ஒரு மகளுக்குத் தகப்பனானார். ஆண்களை விரும்பும் ஆண் என்பதை அவர் பிற்பாடு ஒளிக்கவுமில்லை, மகளை விட்டுக்கொடுக்கவுமில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கிலேயர்கள் ‘டிராக்’ என்று சொல்லும் இந்தக் கலையைத் திருநங்கையரின் வாழ்க்கையோடு பலரும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். திருநங்கைக்குப் பெண்மை என்பது அவரே. டிராக் கலைஞருக்கு அது மேடைக்குக் கட்டும் வேடம். விக்கைக் கழற்றினால் வேடமும் கழன்றுவிடும். நம் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் கட்டினார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கலைதான். இங்கிலாந்திலும் கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளுக்காகப் போடும் ‘பாண்டோமைம்’ நாடகங்களில் குண்டு அம்மாளாக வேடம் கட்டுகிறவர் ஆண்தான். பாட்டி பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து பார்ப்பாள்.

ஆனால் ஓகிரேடி ஏறிய மேடை அந்தக் குடும்ப மேடை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இரு ஆண்களின் உறவு குற்றமில்லை என்று சட்டம் வந்ததே 1967இல்தான். அதுவும் இருபத்தொரு வயது ஆனவர்களுக்கு, நான்கு சுவருக்குள் மட்டும். வெளியே கைகோத்து நடக்க முடியாதவர்கள் கூடிப் பேசவும் ஆடவும் சில மதுக்கடைகள் இருந்தன. அந்தக் கடைகளின் வாடிக்கையான பொழுதுபோக்கு டிராக். காம்டனில் பிளாக் கேப் என்று ஒரு கடை. 1978இல் லில்லி முதலில் தலைகாட்டியது அங்கே.

தொடக்கத்தில் லில்லிக்கு வாயே கிடையாது. அக்கால டிராக் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் ரெக்கார்டு ஓடும், கலைஞர் உதட்டை மட்டும் அசைத்து ஆடுவார். கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து வடக்கத்திக் கிளப்புகளில்கூட இப்படி ஆடிப் பார்த்தார். பெட்டி பெட்டியாகத் துணியைச் சுமந்ததுதான் மிச்சம். லண்டனுக்குத் திரும்பிய பிறகு, மதுக்கடைகளில் நடக்கும் திறமைப் போட்டிகளைத் தொகுத்து நடத்தும் வேலை வந்தது. மைக் கைக்கு வந்தது. யாரோ போதையில் கத்த, இவர் பர்க்கன்ஹெட் பேச்சில் திருப்பிக் கொடுக்க, கடை அதிர்ந்தது. பாட்டுக்கு வாயசைத்தவள் அன்றோடு போனாள்.

அப்புறம் எட்டு ஆண்டுகள் ராயல் வாக்ஸ்ஹால் டாவர்ன். தேம்ஸின் தென்கரையில், ரயில் பாலத்தை ஒட்டி நிற்கும் விக்டோரியா காலத்துக் கட்டடம். மேடைக்கும் கூட்டத்துக்கும் இடையே கையெட்டும் தூரம்தான். அந்த மேடையில் நின்ற லில்லியைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். கூரை உயரத்துக்குக் கட்டிய பொன்னிற விக். வகிட்டில் மட்டும் கருப்பு. சாயம் பூசி மாதக்கணக்கானதுபோலத் தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே வைத்த கருப்பு அது. தொடைவரை ஏறிய பூட்ஸ். விரலிடுக்கில் சிகரெட். முகத்தில் ‘உங்களையெல்லாம் பார்க்க எனக்கென்ன தலையெழுத்து’ என்ற சலிப்பு. பண்டி என்று ஒரு மகள், ஜேசன் என்று ஒரு மகன், வீரா என்று ஒரு சகோதரி. கடையில் கையில் அகப்பட்டதைச் சுருட்டுவாள், ராத்திரியில் தெருமுனையில் நின்று தொழில் செய்திருக்கிறாள், உதவித்தொகை அலுவலகத்தில் கூசாமல் பொய் சொல்லுவாள். அந்த அலுவலகத்தில் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர் எழுதிய பொய்கள் என்பதால் அவற்றில் ஒன்றுகூடத் தப்பாக விழவில்லை.

ஆண்கள் பெண் வேடம் போட்டுச் சிரிக்கவைத்தால் அது பெண்களைக் கேவலப்படுத்துவதாகாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மாராப்பை இழுத்துவிட்டு இடுப்பை ஆட்டினாலே போதும், சிரிப்பு வந்துவிடும் என்று நம்பும் நடிகர்களை எல்லா நாட்டிலும் பார்க்கலாம். எனக்கும் அவர்களைப் பிடிக்காது. லில்லியை நான் அந்த வரிசையில் சேர்க்கமாட்டேன். இவளுடைய உடம்பு இங்கே நகைச்சுவை இல்லை. இவள் யாரைத் தாக்குகிறாள் என்று பாருங்கள்: வீட்டுக்காரன், போலீஸ்காரன், அலுவலக அதிகாரி, கூட்டத்தில் சவுடால் விடும் ஆண்பிள்ளை. தோற்றுப்போகவேண்டிய பெண் தோற்காமல் வாயாலேயே தப்பித்து வெளியே வருவதுதான் ஒவ்வொரு கதையின் கட்டமைப்பும். அவளுடைய சில பேச்சுகள் என்னையும் முகம் சுளிக்க வைக்கும். ஆனாலும் மோலியும் கிறிஸ்ஸியும் அந்த மேடையில் மதிப்போடுதான் நின்றார்கள்.

1987 ஜனவரி. எய்ட்ஸ் பயம் நாட்டைப் பிடித்து ஆட்டிய காலம். லில்லி மேடையில் இருக்கும்போது போலீஸ் டாவர்னுக்குள் புகுந்தது. கைகளில் ரப்பர் உறை. இந்த மனிதர்களைத் தொட்டாலே நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற நினைப்பு. பாத்திரம் தேய்க்க ஆள் வந்துவிட்டது என்கிற மாதிரி மைக்கில் ஒரு போடு போட்டதாக ஓகிரேடி பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். வேடத்தோடேயே பிடித்துக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனில் பெயர் கேட்டபோது லில்லி சாவிஜ் என்றே சொன்னாராம். அதே ஆண்டு ஏப்ரலில், லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான வார்டைத் திறந்துவைத்த இளவரசி டயானா, உறை போடாத கையால் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். மூன்று மாத இடைவெளியில் அந்த இரண்டு கைகளையும் பார்த்த ஊர் இது. நோயாளியின் உடம்பைத் தொட்டு வேலை செய்கிற எனக்கு, உறை எதற்காகப் போடுகிறோம் என்பதும் தெரியும், எப்போது அது அவமானமாக மாறும் என்பதும் தெரியும்.

அந்த ஆண்டுகளில் ஓகிரேடியின் நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அன்றிரவே மேடையேறி, நாளைக்கு யார் இருப்போம் என்று தெரியாத ஒரு கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டியிருந்தது. டாவர்னில் எழுந்த அந்தச் சிரிப்பை நான் சாதாரணப் பொழுதுபோக்காக நினைக்கமாட்டேன். 2015இல் அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. தன்பாலீர்ப்பாளர்களின் வரலாற்றுக்காக இந்நாட்டில் இப்படி அறிவிக்கப்பட்ட முதல் கட்டடம் அதுதான்.

டிவி வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடலாம். 1991இல் எடின்பரோ விழாவில் நகைச்சுவைக்கான பெரியர் விருதின் இறுதிப் பட்டியலில் லில்லி இருந்தாள். 1995இல் ‘பிக் பிரேக்ஃபாஸ்ட்’ என்ற காலை நிகழ்ச்சியில், கட்டிலில் சாய்ந்தபடி பிரபலங்களைப் பேட்டி கண்டாள். 1997இல் பி.பி.சி.யின் ‘பிளாங்கட்டி பிளாங்க்’ போட்டியை நடத்த வந்தாள். விட்ட இடத்தை நிரப்பும் எளிய விளையாட்டு அது; பரிசுப் பொருள்களோ அற்பம். அந்த அற்பப் பரிசுகளை லில்லி வாரிய வாருக்காகவே ஜனம் பார்த்தது. பத்தாண்டுக்கு முன் போலீஸ் வேனில் ஏற்றப்பட்டவள், ஜனம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் கூடத்துக்குள் வந்துவிட்டாள்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்கு வியப்பு. ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திவிட்டார். லில்லி பிரான்சில் பிரிட்டனி பக்கம் ஒரு கன்னிமாடத்தில் சேர்ந்து துறவியாகிவிட்டாள் என்று அறிவித்துவிட்டு, 2004இல் விக்கில்லாமல், சொந்தத் தலைமுடியோடு, ஐ.டி.வி.யில் மாலை ஐந்து மணிக்கு வந்து உட்கார்ந்தார். மடியில் பஸ்டர் என்ற குட்டி நாய். பெண் வேடத்தால் பெயர் வாங்கியவர்கள் அதைக் கழற்றினால் காணாமல் போவார்கள் என்பதுதான் தொழிலில் இருப்பவர்களின் எண்ணம். இவருக்கு அடுத்த ஆண்டே பாஃப்டா விருது கிடைத்தது.

ஸ்டாக்வெல்லில் நான் போய்க்கொண்டிருந்த ஒரு வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருந்தார். சலவைக்கூடத்தில் வேலை பார்த்து நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். ஐந்து மணிக்கு மாத்திரை கொடுக்கவேண்டும். “அந்தப் பையன் வந்துவிட்டான், கொஞ்சம் பொறு” என்பார். அவர் ‘பையன்’ என்றது ஐம்பது வயதான ஓகிரேடியை. லில்லியையும் அவருக்குத் தெரியும். லில்லி தன் நாத்தனாரைப் போலவே இருப்பாள் என்பார். நாத்தனாரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது; லில்லியோடு எந்த மனத்தாங்கலும் இல்லை.

வேடம் கலைந்தும் வாய் அடங்கவில்லை. 2010 அக்டோபரில் அரசாங்கம் பெரிய செலவுக் குறைப்பை அறிவித்தபோது, நேரலையிலேயே, வயதானவர்களுக்கும் ஏழைகளுக்குமானதை வெட்டுகிறார்களே என்று வெடித்தார். சிரிப்பு நிகழ்ச்சிக்காரருக்கு இது தேவையில்லாத வேலை என்று சொன்னவர்கள் சொன்னார்கள். எந்த வீட்டில் என்ன குறையும் என்று உள்ளே போய்ப் பார்த்தவர் பேசிய பேச்சு அது. என் போன்றவர்களுக்குப் புரிந்தது. 2012 முதல் பேட்டர்ஸீ நாய்கள் காப்பகத்தில் எடுத்த தொடரில், அடிபட்ட நாயைத் தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொள்வார். சில நாய்களைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். 2018இல் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு தொடர். குழந்தைகளோடு கொஞ்சல் குரலில் பேசாமல், சரிக்குச் சமமாக வம்பளந்தார். வெஸ்ட் கர்பியில் பழகிய பழக்கம்.

மூன்று முறை மாரடைப்பைத் தாங்கிய இதயம் 2023 மார்ச் 28 அன்று, கெண்ட் மாகாணத்தில் ஆல்டிங்டன் கிராமத்து வீட்டில் நின்றது. வயது 67. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்கூட ‘ஆன்னி’ இசை நாடகத்தில் அநாதை விடுதிக் கொடுமைக்காரியாக நடித்துக்கொண்டிருந்தார். கடைசி வேடமும் பெண் வேடம்தான்.

ஆங்கிலம் வாசிக்க முடிந்தவர்கள் அவருடைய சுயசரிதையின் முதல் பாகமான ‘அட் மை மதர்ஸ் நீ’யில் தொடங்குங்கள். 2008இல் வெளிவந்தது. லில்லி அதில் இன்னும் பிறக்கவில்லை. அவருடைய சிறுபிராயமும் விடலைப் பருவமும்தான் கதை. ஆனால் கிறிஸ்ஸி சீருடையைக் கழற்றாமலேயே வந்து உட்கார்ந்து பேசத் தொடங்கும் பக்கங்களைக் கொஞ்சம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். விக் ஒன்றுதான் பாக்கி.