கெமிக்கல் ஆங்கர்: தேர்வில் கவனம் தேவை

நம் வங்கிக் கடனுதவியுடன் மாடியில் சூரியமின் தகடுகள் அமைக்கும் வாடிக்கையாளர்கள் பலர். அவற்றின் இரும்புச் சட்டங்களைக் கான்கிரீட்டுடன் பிணைக்கக் கெமிக்கல் ஆங்கர் எனும் பசை பயன்படுவதுண்டு. பசைகள் யாவும் ஒன்றல்ல.

2006 ஜூலையில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலையில், இத்தகைய ஆங்கர்களால் தொங்கவிடப்பட்ட கான்கிரீட் கூரைப் பலகைகள் சரிந்து, காரில் சென்ற பெண்மணி உயிரிழந்தார். தொடர்ந்து இழுக்கும் பாரத்தில் மெல்ல நெகிழும், விரைவில் இறுகும் எபாக்சிப் பசையே காரணமென விசாரணை கண்டது.

எனவே, தொடர் பாரத்தையும் மொட்டைமாடி வெப்பத்தையும் தாங்குமெனச் சான்று பெற்ற பசையையே தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம். துளையின் தூசியை முற்றிலும் அகற்றுவதும், பசை இறுகும்வரை பாரமேற்றாமல் காத்திருப்பதும் இன்றியமையாதவை. பசையின் பெயர், துளையின் ஆழம் ஆகியவற்றை ஒப்பந்ததாரரிடம் மதிப்பீட்டிலேயே எழுதிப் பெறுவது நலம்.